சின்ன அறையில் சிங்க் சவுண்ட்: பூமா, காலர் மைக்கா?

செவ்வானம்: பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர். இரண்டு பேர் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சி. டப்பிங் இல்லை, குரலைப் படப்பிடிப்பிலேயே பதிகிறோம் (சிங்க் சவுண்ட்). கையில் இருப்பது ஒரு ஷாட்கன் மைக் (முன்னால் வரும் ஒலியைக் குறிவைக்கும் நீண்ட குழாய் மைக்), இரண்டு வயர்லெஸ் காலர் மைக் (சட்டையில் மாட்டும் சின்ன மைக்), 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் (மிக உரத்த குரலையும் உடையாமல் பதியும் வகை). பூம் (நடிகரின் தலைக்கு மேல் மைக்கை நீட்டும் கம்பு) பிடிக்க ஆள் வைக்காமல் காலர் மைக்கை மட்டும் நம்பலாமா?

ஒலித்தடம்: தாராளமாக நம்பலாம். இந்த மாதிரி அறையில் ஷாட்கனைத்தான் முதலில் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பக்கவாட்டு ஒலியை அதன் குழாய் கழிப்பது உயர் அதிர்வெண்களில்தான். கீழே இறங்க இறங்க குழாயால் பயனில்லை. சுவரில் பட்டுத் திரும்பும் குரல் அரைகுறையாகக் கழிந்து உள்ளே வருவதால், டப்பாவுக்குள் பேசுவது போல ஒலிக்கும். காலர் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, நேரடிக் குரலுக்கு முன் அறை எதிரொலி அமுங்கிவிடும்.

பூம்பிடி: ஷாட்கன் பொருந்தவில்லை என்றால் பூமே வேண்டாம் என்று ஆகிவிடாது சார். கம்பின் முனையில் சென்ஹைசர் எம்கேஎச் 50 போல ஒரு சூப்பர்கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகம் எடுக்கும், நீண்ட குழாய் இல்லாத மைக்) மாட்டுங்கள். நெற்றிக்குச் சற்று முன்னால், மேலிருந்து நெஞ்சைப் பார்த்துச் சாய்த்து, ஒன்றரை முதல் இரண்டு அடிக்குள் நிறுத்துங்கள். தூரம் இரட்டித்தால் நேரடிக் குரல் 6 டெசிபல் இறங்கும், எதிரொலியோ கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். அந்த இரண்டு அடிக்காகத்தான் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஃப்ரேம் விளிம்பு எங்கே என்று கேமராமேனிடம் கேட்டு வாங்க வேண்டும்.

காலர் மைக்கில் 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் நெஞ்சின் முழக்கம் ஏறும். தாடைக்குக் கீழே இருப்பதால் உயர் அதிர்வெண் குறையும். ச், ட், த் எல்லாம் மழுங்கும். நடிகர் தலையைத் திருப்பினால் குரலின் நிறமே மாறிவிடும்.

ஒலித்தடம்: மழுங்கலை ஈக்யூவில் (அதிர்வெண்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) பெருமளவு தூக்கலாம். எதிரொலியைக் கழிப்பதுதான் கடினம். அதோடு வைடும் (அகலமான காட்சி) குளோசப்பும் இரண்டு கேமராவில் ஒரே நேரத்தில் ஓடினால் உங்கள் பூம் வைடுக்கு வெளியே, நான்கைந்து அடி தள்ளித்தான் நிற்கும்.

பூம்பிடி: அந்த ஷாட்டுக்கு காலர் மைக்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சட்டை உரசலை எந்த ஈக்யூவும் எடுக்காது.

ஒலித்தடம்: உரசல் பெரும்பாலும் மாட்டுகிற விதத்தில் வருவது. மெடிக்கல் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி முக்கோணமாக மடித்து இரண்டு செய்யுங்கள். நடுவில் மைக்கை வையுங்கள், தலை மட்டும் திறந்திருக்கட்டும். ஒரு பக்கம் சட்டையில், மறுபக்கம் தோலில் ஒட்டினால் இரண்டும் சேர்ந்தே அசையும், மைக்கின் மேல் துணி தேயாது. கீழே வயரை ஒரு சின்ன வளையமாகச் சுற்றி தனி டேப் போடுங்கள். இதை விட்டுவிட்டால் இடுப்பில் வயர் இழுபடுகிற சத்தம் நேராக மைக்குக்கு ஏறும். பட்டும் பாலியஸ்டரும் தங்களுக்குள்ளேயே சரசரக்கும். உடை முடிவாகும் முன்பே பருத்தி கேளுங்கள்.

மிக்ஸ்மேசை: பூம், காலர் மைக் இரண்டையும் தனித்தனி டிராக்கில் எடுங்கள், ஆனால் சம அளவில் கலக்காதீர்கள். வாயிலிருந்து இரண்டு மைக்குக்கும் உள்ள தூரத்தில் 34 செ.மீ. வித்தியாசம் இருந்தால் 1 மில்லிசெகண்ட் தாமதம். 500 ஹெர்ட்ஸில் குழி விழும், குரல் மெலியும். ஒரு ஷாட்டுக்கு ஒரு மைக் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

32 பிட் ஃப்ளோட் இருக்கிறதே என்று அசட்டையாகவும் இருக்காதீர்கள். காலர் மைக்கின் டிரான்ஸ்மிட்டரிலேயே (நடிகரின் இடுப்பில் மாட்டும் வயர்லெஸ் பெட்டி) குரல் உடைந்தால் ரெக்கார்டர் உடைந்ததைத்தான் பதியும். ஒத்திகையில் மிகச் சத்தமான வசனத்தைப் பேசச் சொல்லி டிரான்ஸ்மிட்டர் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவு) வையுங்கள்.

செவ்வானம்: அறையை என்ன செய்வது?

பூம்பிடி: மேசைக்கு அடியிலும் கேமராவுக்குப் பின்சுவரிலும் தடித்த கம்பளி. மேசை விரிப்புக்குக் கீழே ஃபெல்ட், டம்ளர் வைக்கும் சத்தம் வசனத்தில் விழாது. ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ் மூன்றையும் அணையுங்கள். கார் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் திரும்பப் போட மறக்காது. விளக்குகளும் ஆட்களும் அப்படியே இருக்க 30 முதல் 60 விநாடி ரூம் டோன் (யாரும் பேசாத அறையின் ஒலி) பதியுங்கள்.

பூமுக்கு ஆள் இல்லையே என்று ஸ்டாண்டில் கட்டி நடுவில் நிறுத்த வேண்டாம், இரண்டு பேருமே மைக் குறிவைக்கும் அச்சுக்கு வெளியே போவார்கள். வசனம் தெரிந்த ஒருவர் கம்பைப் பிடித்து, ஒருவரின் கடைசிச் சொல் முடியும்போதே அடுத்தவர் பக்கம் திருப்ப வேண்டும்.

ஒலித்தடம்: அந்த ஆள் கிடைத்தால் பூம். கிடைக்காவிட்டால் நான் சொன்னதுதான்.