மாரியோ ஓடினால் டிரைவ் ஓடுமா?

பழையபெட்டி:
நேற்று ஒருவர் ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டம், அதாவது நிண்டெண்டோவின் ஃபேமிகாம் விளையாட்டுப் பெட்டியோடு சேர்த்து டிஸ்க் ஓட்டும் டிரைவ், விற்பனைக்குப் போட்டிருந்தார். "சோதித்தாயிற்று, நன்றாக வேலை செய்கிறது" என்று பெருமையாக ஒரு வரி. ஆதாரம் ஒரு படம்: நிண்டெண்டோ பெயர்ப்பலகை, பக்கத்தில் மாரியோவும் லூய்ஜியும். ஐயா, அந்தத் திரை, டிரைவை ஃபேமிகாமோடு இணைக்கும் ராம் அடாப்டருக்குள் இருக்கும் 8 கேபி ரோம் சிப்பிலிருந்து வருகிறது. அதற்கு டிரைவே வேண்டாம். டிரைவைக் கழற்றிப் பரணில் போட்டாலும் மாரியோ ஓடுவார்.

கட்டைவிரல்:
போட்டது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். என்னிடம் டிஸ்க் இல்லை, இருப்பதை வைத்துச் சோதித்தேன். 1986-இல் 15,000 யென்னுக்கு வந்த பொருள், இன்றைக்கும் திரை வருகிறதே, அது போதாதா?

பழையபெட்டி:
திரைக்கு டிரைவே வேண்டாம்.

யமனோதே:
ஏன் அண்ணே இவ்வளவு கோபம்? கெட்டால் டிஸ்கைச் சுழற்றும் ரப்பர் பெல்ட்தான் கெட்டிருக்கும். புதுசு மாட்டினால் பத்து நிமிட வேலை.

பழையபெட்டி:
பத்து நிமிடமா! தம்பி எப்போதாவது கழற்றியிருக்கிறீர்களா? பழைய பெல்ட் உருகி, தார் மாதிரி கப்பியில் அப்பியிருக்கும். பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் தோய்த்துத் தோய்த்து எடுக்க எனக்கு ஒரு ராத்திரி போனது, நகக்கண் கறுப்பு ஒரு வாரம் போகவில்லை. அதோடு முடிந்ததா? இந்த டிஸ்கில் சுருளாக ஒரே தடம். டிஸ்கைப் படிக்கும் முனையான ஹெட் முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் படிக்கும். தொடங்கும் இடம் மயிரிழை தள்ளிப்போனாலும் இருபது சொச்சத்தில் ஒரு பிழை எண் வந்து நிற்கும். திருகைத் திருப்பு, டிஸ்கைப் போடு, பிழை. மறுபடி திருப்பு. இன்னும் இரண்டு ராத்திரி. அப்புறம் சேமித்து, அணைத்து, மறுபடி ஏற்றிப் பார்க்க வேண்டும். சோதனை என்றால் அது.

சாம்பல்_பொத்தான்:
சோதனையைப் பற்றி இவர் பேசுகிறாரா? போன வருடம் "ஒன்பது வோல்ட் எதுவானாலும் சரி" என்று இவர் சொல்லித்தான் டிரைவுக்கு ஒரு மின் அடாப்டரைச் செருகினேன். நடுமுனை நெகட்டிவாக இருக்க வேண்டும் என்று புகை வந்த பிறகுதான் தெரிந்தது.

பழையபெட்டி:
பெட்டியின் மேலேயே படம் போட்டிருக்கிறது. படிக்காதது என் குற்றமா?

சாம்பல்_பொத்தான்:
"எதுவானாலும் சரி" என்றீர்கள். இன்னும் அந்தப் பதிவு இருக்கிறது.

கட்டைவிரல்:
எல்லோரும் கவனியுங்கள். நண்பரிடம் ஒரு மஞ்சள் டிஸ்க் வாங்கிப் போட்டேன். திரையில் ஈஆர்ஆர் 02 என்று வந்தது. டிரைவ் பதில் சொல்கிறது பாருங்கள்!

பழையபெட்டி:
02 என்றால் டிரைவுக்கு மின்சாரமே போகவில்லை என்று அர்த்தம். பின்னால் ஆறு சி சைஸ் பேட்டரி போட்டீர்களா?

கட்டைவிரல்:
பேட்டரி வேண்டுமா? டிவியில் படம் வந்ததே.

பழையபெட்டி:
ஆக, டிரைவில் உயிரே இல்லாதபோது எடுத்த படத்தைத்தான் "சோதித்தாயிற்று" என்று போட்டிருக்கிறீர்கள். இதைத்தான் காலையிலிருந்து கத்துகிறேன். திரைக்கு டிரைவே வேண்டாம்!

கட்டைவிரல்:
மின்சாரம் போகாததால்தான் பிழை என்றால், டிரைவ் கெடவில்லை என்றுதானே ஆகிறது? என் விளம்பரத்தில் என்ன தப்பு?

யமனோதே:
லாஜிக் சரியாகத்தான் இருக்கிறது அண்ணே.

பழையபெட்டி:
பத்து நிமிடத்தில் பெல்ட் மாற்றுபவரின் லாஜிக்!

யமனோதே:
ஃபேமிகாமும் டிரைவும் ஒரே பெட்டியில் இருக்கும் ஷார்ப்பின் ட்வின் ஃபேமிகாமில் மாற்றியிருக்கிறேன். பத்து இல்லை, பதினைந்து நிமிடம்.

பழையபெட்டி:
மாற்றினீர்கள், சரி. டிஸ்க் ஓடியதா?

யமனோதே:
டிஸ்க் இன்னும் கிடைக்கவில்லை.

கட்டைவிரல்:
பேட்டரி நான்குதான் இருந்தது, ஆறு கிடைத்ததும் படம் போடுகிறேன். விலையில் மாற்றமில்லை.

சாம்பல்_பொத்தான்:
பேட்டரியே போடுங்கள், அடாப்டர் பற்றி மட்டும் இவரிடம் கேட்டுவிடாதீர்கள்.