பாதியில் விட்ட பி.காம்: இரண்டு பிள்ளைகள், வேலை இரண்டையும் வைத்துக்கொண்டு முடிக்க வழி உண்டா?

திருப்பூர்_கணக்கு (கேள்வி)

வணக்கம். 2006-ல் பிளஸ் டூ முடித்தேன், வணிகவியல், தமிழ் வழி. அதே வருஷம் பி.காம் சேர்ந்து மூன்று செமஸ்டர் எழுதினேன். நாலாவது செமஸ்டர் நடுவில் கல்யாணம், அதோடு நின்றுவிட்டது. இப்போது பனியன் கம்பெனியில் கணக்கு வேலை, டேலி நன்றாகவே தெரியும். மகள் ஏழாவது, மகன் இரண்டாவது. வேலையை விட முடியாது.

விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா? பத்தாவது, பிளஸ் டூ அசல் மார்க் ஷீட்டெல்லாம் இன்னும் அந்தக் கல்லூரியில்தான் இருக்கின்றன, கேட்டால் தருவார்களா? தொலைதூரக் கல்வியில் வாங்கும் பட்டம் டிஎன்பிஎஸ்சிக்குச் செல்லுமா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்?

பழைய_ஃபைல்

முதலில் சான்றிதழைக் கையில் வாங்குங்கள் சகோதரி, மற்றதெல்லாம் அப்புறம். கல்லூரிக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். முதல்வருக்கு ஒரு விண்ணப்பம், இரண்டு பிரதி. சேர்ந்தபோது இருந்த இனிஷியலோடு பெயர், துறை, சேர்ந்த ஆண்டு, பதிவு எண், நின்ற மாதம் எல்லாம் அதில் இருக்கட்டும். பதிவு எண் பழைய ஹால் டிக்கெட்டில் இருக்கும். அதுவும் இல்லையென்றால் ஆண்டையும் துறையையும் வைத்து அட்மிஷன் ரெஜிஸ்டரில் தேடித்தான் எடுக்க வேண்டும், ஒரே நாளில் முடியாது. அட்மிஷன் நடக்கும் மே, ஜூனில் போனால் யாரும் ரெஜிஸ்டரைத் தொடமாட்டார்கள்.

டி.சி., எழுதிய மூன்று செமஸ்டரின் மதிப்பெண் பட்டியல் இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். நூலக நிலுவை இருந்தால் கட்டிவிடலாம். மீதி வருஷங்களுக்கும் ஃபீஸ் கட்டினால்தான் தருவோம் என்றால், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன் வசம் வைத்திருக்கக் கூடாது என்று 2018 அக்டோபரில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வெளியிட்ட அறிவிக்கையை விண்ணப்பத்திலேயே ஒரு வரியாகக் குறிப்பிடுங்கள். கவுன்டரில் வாக்குவாதம் வேண்டாம். இரண்டாவது பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொண்டால் போதும், வேலை நடக்கும்.

தேடிப் பார்த்தும் இல்லை என்று கைவிரித்தால் அதை எழுத்தில் வாங்குங்கள். தமிழ்நாடு காவல்துறை தளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கையை வீட்டிலிருந்தே பதியலாம். அந்த அறிக்கையோடு படித்த பள்ளிக்குப் போனால், அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடம் நகல் கேட்கும் முறையைத் தலைமையாசிரியர் அலுவலகத்தில் சொல்வார்கள்.

விட்ட இடத்திலிருந்து தொடர்வதை மறந்துவிடுங்கள். மூன்று வருடப் படிப்பை முடிக்கக் கூடுதலாக இரண்டு வருடம் என்பதுதான் யுஜிசி வகுத்த பொதுவான வரம்பு. பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது சிறப்பு அரியர் தேர்வு அறிவிக்கும்தான். ஆனால் அது கடைசி செமஸ்டர் வரை போய் நாலைந்து தாள் நிற்பவர்களுக்கு உதவும். மூன்று செமஸ்டர் முழுசாகப் பாக்கி இருக்கும்போது பொருந்தாது. புதிதாக முதலாண்டில் சேருவதுதான் வழி.

வைகைக்கரை

ரெகுலர் கல்லூரி என்றால் 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும், வேலையோடு ஒத்துவராது. அதனால் தொலைதூரம்தான். தமிழ் வழியில் எழுத வேண்டுமென்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தலைமையிடம் சைதாப்பேட்டை, 2002-ல் தொடங்கியது. ஆங்கிலத்தில் சமாளித்துவிடலாம் என்றால் இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். டேலியில் தினமும் டெபிட், கிரெடிட், லெட்ஜர் என்று புழங்குபவருக்கு ஆங்கில வழி அப்படியொன்றும் பூதம் இல்லை.

எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவுத் தளத்தைத் திறந்து, அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் படிப்பு, அந்தக் கல்வியாண்டு மூன்றும் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகப் பெயர் மட்டும் இருந்தால் போதாது. அனுமதி படிப்புவாரியாகத் தருகிறார்கள், ஒரு வருஷம் இருந்தது மறு வருஷம் இல்லாமலும் போகலாம். "ஒரே வருஷத்தில் டிகிரி" என்று போஸ்டர் ஒட்டும் இடைத்தரகர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

இக்னோ பி.காம் மொத்தம் 132 கிரெடிட் (படிப்பின் அளவைச் சொல்லும் அலகு). ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது அவர்கள் கணக்கு. வருஷத்துக்கு 44 கிரெடிட் என்றால் 1,320 மணி நேரம், வாரத்துக்கு 25 மணிக்குக் கொஞ்சம் மேல். வேலையும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் இது நடக்காத காரியம். பலர் முதல் வருஷமே கழன்றுகொள்வது இங்கேதான். எல்லாத் தாளையும் ஒரே தேர்வில் எழுத விண்ணப்பித்துவிட்டுப் பாதியைத்தான் படிப்பார்கள். படிப்பை முடிக்க ஆறு வருஷம் வரை அவகாசம் உண்டு. முதலாண்டுத் தாள்களை ஒன்றரை வருஷத்தில் பிரித்து எழுதிவிட்டு அடுத்த ஆண்டுக்கு மறுபதிவு செய்யலாம். நாலரை வருஷம் என்று திட்டம் போட்டால் வாரத்துக்குப் பதினேழு மணி நேரம். கணக்குத் தாள்களில் உங்களுக்குப் பாதி முன்பே தெரியும் என்பதால் அதுவும் குறையும்.

தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். டிசம்பரில் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு, ஏழாவது படிக்கும் பெண்ணுக்கு நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும். எனவே டிசம்பருக்கு இரண்டே தாள். கோடை விடுமுறையில் படித்து ஜூனுக்கு நாலு தாள். பள்ளி திறக்கும் வாரத்துப் புத்தகம், சீருடை வேலையை மட்டும் மே மாதமே முடித்துவிடுங்கள்.

சேலத்தான்

எதற்கு டிகிரி என்பதை முடிவு செய்துவிட்டு பாடத்தைத் தேர்ந்தெடுங்க. ஆபீஸில் பதவி உயர்வு என்றால் பி.காம் சரி. டீச்சர் வேலை மனசில் இருந்தால் வேண்டாம்: தமிழ்நாட்டில் வணிகவியலில் பி.எட். சேர வெறும் பி.காம் போதாது, எம்.காம் கேட்பார்கள். தமிழ், ஆங்கிலம், கணிதம், வரலாறு என்றால் இளநிலையோடே பி.எட். போகலாம்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் பத்தாவதே போதும், டிகிரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. குரூப் 2-க்குத்தான் பட்டம். பத்தாவது, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசை உங்களுக்கு இருக்கிறது. பள்ளிப் படிப்பு இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் சிக்கல். அனுமதி பெற்ற தொலைதூரப் பட்டம் ரெகுலருக்குச் சமம் என்று யுஜிசியும் 2022-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

புதுமைப் பெண் திட்டத்து 1,000 ரூபாய் கிடைக்குமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். தொலைதூரக் கல்விக்குக் கிடையாது.

திருப்பூர்_கணக்கு

எல்லோருக்கும் நன்றி. ஆபீஸுக்காகத்தான், அதனால் பி.காமே. ஒரு சந்தேகம். மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல், ஆதாரில் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர். டிஜிலாக்கர் திறக்கப் போனால் ஓடிபி வேறு வரவில்லை. இது பிரச்சினையாகுமா?

பழைய_ஃபைல்

ஆகும். நல்லவேளை இப்போதே கேட்டீர்கள்.

வரிசை இப்படி: தொலைதூரப் படிப்பில் சேர 2024-லிருந்து டிஇபி ஐடி (யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவுத் தளத்தில் எடுக்கும் மாணவர் எண்) கட்டாயம். அதை உருவாக்க ஏபிசி ஐடி (மாணவரின் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண்) வேண்டும். ஏபிசி ஐடிக்கு டிஜிலாக்கர், டிஜிலாக்கருக்கு ஆதார். ஆக, ஆதாரில் இருக்கும் பெயர்தான் கடைசி வரை போய் நிற்கும். சேர்க்கை விண்ணப்பத்தில் மார்க் ஷீட் பெயரைப் போட்டால் இரண்டும் பொருந்தாமல் நிராகரிப்பார்கள். ஆதார் பெயரையே போட்டால் பட்டம் ஒரு பெயரில், பத்தாவது இன்னொரு பெயரில் வந்து நிற்கும். அதை நாளைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

என் யோசனை, ஆதாரை மார்க் ஷீட்டுக்கு ஏற்ப மாற்றுங்கள். பள்ளிச் சான்றிதழை மாற்றுவது பெரும்பாடு. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும் என்பதால் எழுத்தை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, நடுவில் புள்ளியா இடைவெளியா, எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு பான் கார்டு, வங்கிக் கணக்கு, பி.எஃப். மூன்றிலும் பெயர் இடிக்கும். சம்பளக் கணக்கு இருக்கிற வங்கிக்கு முதலில் போங்கள். கணவர் பெயரோடுதான் இருக்க வேண்டும் என்றால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, அந்தப் பிரதியைக் காலத்துக்கும் சான்றிதழோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓடிபி வராததற்குக் காரணம் அநேகமாகப் பழைய நம்பர், அல்லது வீட்டுக்காரர் நம்பர். ஆதார் மையத்துக்கு நேரில் போய் உங்கள் சொந்த நம்பரைச் சேருங்கள். பெயர்த் திருத்தத்தையும் அதே நாளில் கொடுத்துவிடலாம். சேர்க்கைக் கடைசித் தேதிக்கு இரண்டு மாதம் முன்னாலேயே இதை முடித்திருக்க வேண்டும்.

வைகைக்கரை

இக்னோவில் சேர்ந்த பிறகு கவிழ்ப்பது அசைன்மென்ட். அதற்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும், ஒன்றில் அதிகம் வாங்கி மற்றதில் ஈடுகட்ட முடியாது. அசைன்மென்ட் கேள்வித்தாள் கல்வியாண்டுக்கு ஏற்ப மாறும். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய போன வருஷக் கேள்விக்கு முழுசாக விடை எழுதிக் கொடுத்துவிட்டு, திரும்ப எழுதுபவர்கள் ஏராளம். தளத்திலிருந்து நீங்களே இறக்குங்கள், மேலே போட்டிருக்கும் கல்வியாண்டைப் பாருங்கள். கையால், ஏ4 தாளில் எழுத வேண்டும். முதல் பக்கத்தில் பதிவு எண், பாடக் குறியீடு, படிப்பு மைய எண். கொடுத்ததற்கு ரசீது வாங்கி, விடைகளை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். மதிப்பெண் ஏறாமல் விட்டுப்போவது உண்டு, அப்போது ரசீது இல்லாமல் பேச முடியாது.

இன்னொன்று, கை. வருஷக்கணக்கில் கீபோர்டு தட்டிய கைக்கு மூன்று மணி நேரத் தேர்வில் பாதியிலேயே விரல் இழுக்கும். பாடம் தெரிந்தும் கடைசிக் கேள்விகளை விட்டுவிட்டு வருவது இதனால்தான். அசைன்மென்ட்டையே பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள்: பார்த்து எழுதாமல், ஒரு விடைக்கு இருபது நிமிடம் என்று கடிகாரம் வைத்து எழுதுங்கள். பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் அதே மேஜை, அதே நேரம். சின்னவன் இரண்டாவது என்பதால் முக்கால் மணிக்கு மேல் உட்கார மாட்டான். அந்த முக்கால் மணியில் இரண்டு விடை தாராளமாக முடியும். மொபைலில் வீடியோ பார்ப்பதைப் பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு காலை 10 முதல் 1 வரை, மதியம் 2 முதல் 5 வரை என்று இரண்டு வேளை. தேர்வு விண்ணப்பம் போடும் முன் உத்தேச அட்டவணையைப் பார்த்து, ஒரே நாளில் இரண்டு தாள் விழுந்தால் ஒன்றை அடுத்த முறைக்குத் தள்ளுங்கள். மதியத் தாள் முடிந்து வீடு சேர எப்படியும் ஆறரை ஆகிவிடும், அந்த நாட்களில் பள்ளியிலிருந்து பிள்ளைகளை யார் அழைத்துவருவது என்பதை அட்டவணை வந்த அன்றே பேசி முடித்துவிடுங்கள்.