மரத்தில் இருப்பது பாசியா, லைக்கனா? மறக்க முடியாத ஓர் அனுபவம்

சோலைக்காடன்:
கொடைக்கானலில் ஒரு பிப்ரவரி மாதம், சோலையை ஒட்டிய சாலையில் விழுந்து கிடந்த கிளையில் சாம்பல் பச்சைத் தாடி தொங்கியது. உஸ்னியா என்ற லைக்கன் (பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிரி) என்று மாணவர்களிடம் அடித்துச் சொன்னேன். இழையை மெல்ல இழுத்தால் மேல்தோல் வெடித்து, நடுவிலிருக்கும் வெள்ளை நரம்பு ரப்பர்போல் நீளும் என்று விளக்கிக்கொண்டே இழுத்தேன். சுள்ளிபோலப் படக்கென்று ஒடிந்தது. "நரம்பைக் காணோமே சார்" என்றாள் ஒரு மாணவி. அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

ஏற்காட்டான்:
காய்ந்த இழையை இழுத்ததுதான் பிழை. நனைத்துவிட்டு இழுத்திருக்க வேண்டும். காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தடியில் கை கழுவியபோது அடிமரத்தில் நீர் தெறித்து, வெளிறிய சாம்பல் திட்டு ஒரே நிமிடத்தில் பச்சையானதைப் பார்த்தவன் நான். மேல்தோல் நனைந்ததும் ஒளி ஊடுருவி, உள்ளே பூஞ்சையோடு கூடி வாழும் பாசியின் நிறம் வெளியே தெரிகிறது. பக்கத்தில் சுருண்டு கருத்திருந்த மாஸ் என்ற சிறு தாவரமும் விரிந்தது. லென்ஸில் அதன் நுண்ணிலைகள் தெரிந்தன. லைக்கனுக்கு இலையே கிடையாது.

அஞ்சறைப்பெட்டி:
ஏற்காட்டாரே, இலை கிடையாது என்று அவ்வளவு எளிதாக முடித்துவிட்டால் புதியவர்கள் குழம்புவார்கள். செட்டிநாட்டுக் குழம்புக்காக வாங்கிய கல்பாசியை உதறிப் பார்த்தேன்: மேலே சாம்பல், அடியில் கறுப்பு, பார்வைக்குச் சருகேதான். ஒரு துண்டில் மரப்பட்டைச் சீவல் ஒட்டியிருந்தது. கல்லும் இல்லை, பாசியும் இல்லை. மரத்தில் வளர்ந்த லைக்கன்! தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். லைக்கன் மரத்தை உறிஞ்சுவதாக எண்ணிக் கத்தியால் சுரண்டாதீர்கள். அதற்கு வேரில்லை, மரத்தின் சாற்றைத் தொடுவதுமில்லை. பட்டை அதற்கு வெறும் இருக்கைதான். பட்டுப்போகும் கிளையில் அது அடர்ந்திருப்பது, இலை உதிர்ந்து வெளிச்சம் கிடைப்பதால். சுரண்டினால் காயம்படுவது மரப்பட்டைதான். தண்டு முழுவதும் செம்மஞ்சள் வெல்வெட்டாகப் படர்ந்திருந்தால் அதை லைக்கன் என்றும் எண்ணிவிடாதீர்கள். அது பெரும்பாலும் டிரென்டிபோலியா, அசல் பாசி. பச்சைப்பாசி வகைதான் என்றாலும் கரோட்டின் நிறமி பச்சையத்தை மறைத்துவிடுகிறது.

சோலைக்காடன்:
செய்தித்தாளில் மடித்து வைத்திருந்த அதே துண்டை இன்று காலை பத்து நிமிடம் நீரில் ஊறவைத்து இழுத்தேன். மேல்தோல் வளையம் வளையமாக விலக, நடுவே நூல் போன்ற வெள்ளை நரம்பு நீண்டது. அந்த மாணவி படிப்பு முடித்துப் போய்விட்டாள்.