ஐம்பது பிராங்க் நோட்டில் ஒரு எழுத்துப்பிழை: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, பாரிஸில் வேலை பார்த்த பெரியப்பாவின் பழைய பர்ஸில், யூரோவுக்கு முன் பிரான்ஸில் இருந்த பணமான பிராங்கில், 50 பிராங்க் நோட்டு ஒன்று கிடைத்தது. நீல நிறம். முன்பக்கத்தில் எழுத்தாளரும் விமானியுமான செந்த் எக்ஸுபெரியின் முகம், பக்கத்தில் அவர் எழுதிய கதையின் நாயகனான குட்டி இளவரசன். பின்பக்கத்தில் பிரெகே 14 விமானம். வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்துக்காரரான ரோஜர் ஃபுண்ட். பணத்தில் இப்படி ஒரு குழந்தைக் கதையா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

விஷயம் இதுதான். 1993-ல் புழக்கத்துக்கு வந்த முதல் நோட்டுகளில், 'எக்ஸுபெரி'யின் முதல் எழுத்தான E மேல் தேவையில்லாத சாய்கோடு விழுந்துவிட்டது. பிறகு திருத்தினார்கள். என்னுடையதில் அந்தக் கோடு இருக்கிறது, லென்ஸ் வைத்தே பார்த்துவிட்டேன்!

பிராங்கை யூரோவாக மாற்றித் தருவதை 2012 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டார்கள், மாற்றியிருந்தாலும் 7.62 யூரோதான். அதனால் விற்கும் எண்ணமில்லை. திருத்திய நோட்டு யாரிடமாவது இருந்தால், பெயர் இருக்கும் இடத்தை மட்டும் படமெடுத்துப் போடுவீர்களா? ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்புறம், நடுவில் ஒரு மடிப்பு இருக்கிறது. அழுத்தி நிமிர்த்தலாமா, அப்படியே விட்டுவிடுவது நல்லதா?