ஒன்லைன்ல தையல் மெஷின் வாங்கப் போய் 62,000 போச்சு, பேங்க்ல திருப்பி எடுக்கலாமா?

கொட்டாஞ்சேனை பொடியன்:
அம்மா வீட்டில சாரி பிளவுஸ் தைச்சுக் குடுக்கிறவ, பழைய மெஷின்ட மோட்டர் போயிட்டு, சரி செகண்ட் ஹேண்ட் ஜுக்கி மெஷின் ஒண்டு எடுத்துக் குடுப்பம் எண்டு ஒன்லைன்ல தேடினேன். குருநாகல் ஆள் ஒருத்தன் போட்டிருந்தான். விலையும் அடிமாட்டு விலை இல்ல, அதாலதான் சந்தேகமே வரல்ல. மெஷின் ஓடுற வீடியோ, ஐடென்டிட்டி கார்ட் போட்டோ எல்லாம் வட்ஸ்அப்ல அனுப்பினான். திங்கக்கிழமை 20,000 அட்வான்ஸ் போட்டேன், செவ்வாய் பின்னேரம் "லொறியில ஏத்தியாச்சு மல்லி, மிச்சத்தைப் போட்டா உடனே வெளிக்கிடும்" எண்டு கூரியர் ஸ்லிப்பையும் அனுப்பினான், நானும் 42,000ஐ போட்டுட்டேன். அதோட போன் ஓஃப். ஸ்லிப்பை இப்ப பெருசாக்கிப் பாத்தா திகதியில 2 மட்டும் வேற மையில இருக்கு, அண்டைக்கு என்ட கண்ணுக்குப் படல்ல. எக்கவுண்ட் பேரும் கார்ட்ல இருக்கிற பேரும் வேற, கேட்டதுக்கு "மனிசிட எக்கவுண்ட்" எண்டான். இண்டைக்கு வியாழன். அம்மாக்கு இன்னும் சொல்லல்ல. பேங்க்ல கேட்டா காசை திருப்பி எடுக்கலாமா?

முன்னாள் கவுண்டர்காரன்:
தம்பி, உள்ளதைச் சொல்றேன், திருப்பி எடுக்கிறது கஷ்டம். 2015ல செஃப்ட்ஸ் எண்ட ஒன்லைன் காசு மாத்துற சிஸ்டம் வந்த பிறகு ஒரு பேங்க்ல இருந்து இன்னொண்டுக்கு காசு செக்கன் கணக்கில போயிடும், போனதை உங்கட பேங்க் தானா இழுக்க ஏலாது. அவங்களால செய்யக்கூடியது காசு போன பேங்க்குக்கு உடனே அறிவிக்கிறது. அந்த எக்கவுண்ட்ல மிச்சம் இருந்தா அங்க ஹோல்ட் பண்ணப் பாப்பாங்க, ஆனா இவனுகள் வந்த கையோட ஏடிஎம்ல உருவிடுவானுகள். அதுக்காக சும்மா இருக்க வேணாம். இப்பவே ஹொட்லைனுக்கு எடுத்து ரெண்டு ட்ரான்ஸாக்‌ஷன்ட ரெஃபரன்ஸ் நம்பரையும் குடுங்க, நாளைக்கு காலையில பிராஞ்சுக்குப் போய் எழுத்தில குடுத்து கொப்பியில சீலும் திகதியும் அடிச்சு வாங்குங்க. அந்த சீல் முக்கியம், பேங்க் இழுத்தடிச்சா மத்திய வங்கியின்ட 1935 ஹொட்லைனுக்குப் போகலாம், அங்க முதல் கேள்வியே "பேங்க்குக்கு எழுதிக் குடுத்தீங்களா" எண்டுதான் வரும்.

மருதானை நானா:
எனக்கும் போன வருசம் போன் ஒண்டுக்கு 35,000 சல்லி போச்சு மகன். பொலிஸுக்குப் போனா அங்க இருந்தவர் "இது சிவில் கேஸ், லோயரைப் புடிங்க" எண்டு திருப்பி அனுப்பப் பாத்தார், நான் வாங்கிலயே ஒண்டரை மணித்தியாலம் குந்தி இருந்து என்ட்ரி (பொலிஸ் முறைப்பாடு) போட்டுட்டுத்தான் வந்தேன். சல்லி இன்னும் வரல்ல, அது வேற கதை. இன்னொண்டு, இனி உங்களுக்கு இன்பொக்ஸ்ல ஆள் வரும், "நான் ஹேக்கர், உங்கட சல்லியை மீட்டுத் தாறேன், 5,000 மட்டும் போடுங்க" எண்டு. எனக்கு மூணு பேர் வந்தானுகள். அதுக்கும் ஏமாந்துடாதீங்க.

கொட்டாஞ்சேனை பொடியன்:
வந்துட்டான் நானா, அரை மணித்தியாலத்துக்கு முந்தி ஒருத்தன்! பேங்க்குக்கு கோல் எடுத்துட்டேன், நம்பர் ஒண்டு தந்தாங்க. எனக்கு வாற கோவத்துக்கு அவன்ட கார்ட் போட்டோவை எல்லா குரூப்லயும் போட்டு நாறடிக்கப் போறேன்.

வெள்ளவத்தை அக்கா:
ஐயோ போட்டுடாதீங்க தம்பி. அந்தக் கார்ட் அநேகமா உங்கள மாதிரி ஏமாந்த இன்னொருத்தர்ட, "அட்வான்ஸ் போட முதல் உங்கட கார்டையும் அனுப்புங்க" எண்டு வாங்கி அதை அடுத்தவனுக்குக் காட்டுறதுதான் இவங்கட வேலை. நீங்களும் உங்கடதை அனுப்பினீங்களா? அனுப்பி இருந்தா அதையும் என்ட்ரியில கட்டாயம் சொல்லுங்க. சிவில் எண்டு சொன்னா விட்டுடாதீங்க, முதல்ல இருந்தே ஏமாத்துற நோக்கத்தோட காசு வாங்கினா அது தண்டனைச் சட்டக்கோவையில மோசடி, 398ஆம் பிரிவில இருந்து பாருங்க. உங்கட ஏரியா பொலிஸ்ல என்ட்ரி போட்டு, சிஐடியின்ட கணினிக் குற்ற விசாரணைப் பிரிவுக்கும் எழுதிக் குடுங்க. எக்கவுண்ட்காரன் யாரெண்டு பேங்க் உங்களுக்குச் சொல்லாது, பொலிஸ் கோர்ட் ஓடர் எடுத்துத்தான் விவரம் வாங்கும், அதால என்ட்ரி இல்லாம ஒண்டும் நகராது. வட்ஸ்அப் மெசேஜ்களை அழிக்க வேணாம், அவன்ட நம்பர் தெரியிற மாதிரி ஸ்க்ரீன்ஷொட் எடுத்து பிரின்ட் போடுங்க. என்ட்ரியை சிங்களத்தில எழுதினா வாசிச்சுக் காட்டச் சொல்லிட்டு சைன் பண்ணுங்க, எங்கட ஒஃபிஸுக்கு வந்த ஒருத்தருக்கு தொகையில ஒரு சைபர் குறைஞ்சு, அதைத் திருத்த ரெண்டு கிழமை அலைஞ்சார்.

கொட்டாஞ்சேனை பொடியன்:
வெள்ளிக்கிழமை அப்டேட். பேங்க் கடிதத்தில சீல் அடிச்சு வாங்கியாச்சு, என்ட்ரியும் போட்டாச்சு. அக்கா சொன்ன மாதிரி வாசிக்கச் சொன்னேன், தொகை சரி, எக்கவுண்ட் நம்பர்ல ஒரு இலக்கம் மாறி இருந்துச்சு, அதிலேயே திருத்தினாங்க. ஓம் அக்கா, என்ட கார்டையும் ரெண்டு பக்கமும் அனுப்பித்தான் இருந்தேன், அதையும் எழுதியாச்சு. அம்மாட்டயும் சொல்லிட்டேன், ஒண்டும் பேசல்ல, பழைய மெஷினுக்கு மோட்டர் மட்டும் மாத்தினா எவ்வளவு வரும் எண்டு கேட்டா. புறக்கோட்டையில மோட்டர் மாத்துற நல்ல ஆள் யாராவது தெரியுமா? நேர்ல பாத்து, கையில காசு குடுக்கிற இடமா இருக்கோணும்.