புதுப்பிப்பு: கார்டு மெஷின் கேட்கும் கேள்வி

வெளிநாடு போனால் விமான நிலையத்திலேயே மொத்தப் பணத்தையும் மாற்றாதீர்கள், முதல் நாள் செலவுக்கு மட்டும் மாற்றினால் போதும் என்று எழுதியிருந்தேன். "மீதிக்குக் கார்டு தேய்த்தால் போதுமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

போதும், ஆனால் ஒரு இடத்தில் உஷார். சில மெஷின்களில் தொகை இரண்டு விதமாக வரும்: அந்த ஊர்ப் பணத்தில் ஒன்று, நம் பணத்தில் ஒன்று. பழகிய எண்ணைப் பார்த்ததும் விரல் தானாக அங்கே போகும். தொடாதீர்கள்! அந்த மாற்று விகிதத்தில் பெரும்பாலும் மெஷின்காரர்களின் கமிஷனும் ஒளிந்திருக்கும். உள்ளூர்ப் பணத்தையே அமுக்குங்கள்.

ஏடிஎம்மிலும் இதே கதைதான். 'மாற்றத்தை மறுக்கவும்' என்பதுபோல் மிரட்டலாக ஒரு பட்டன் வரும். அதையே அமுக்குங்கள்; அப்போதும் பணம் வரும், பயப்படாதீர்கள். கடையில், கடைக்காரர் அவசரத்தில் தானே நம் பணத்தை அமுக்கிவிட்டால், ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம். இதில் என்ன கூச்சம்? உங்கள் வங்கி தன் பங்குக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதையும் கிளம்புமுன் கேட்டு வையுங்கள்.