நேட்டாலுக்குப் போன கொள்ளுத்தாத்தாவை அடக்கம் செய்த இடம்: கண்டுபிடிக்க வழி உண்டா?

கேள்வி:
வணக்கம். அப்பாவின் தாத்தா மெட்ராஸில் கப்பலேறி தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர், திரும்பவே இல்லை. வீட்டில் மிஞ்சியது ஒரே கடிதம். மடிப்பெல்லாம் கிழிந்து, மூலையில் சிவப்பு மையில் ஐந்து இலக்க எண் மட்டும் தெரிகிறது. அப்பாவுக்கும் வயதாகிறது, ஒருமுறை அந்த மண்ணுக்கு அழைத்துப் போக வேண்டும். எங்கே தொடங்குவது?

பதில்:
அந்த எண்ணைப் பத்திரமாக வையுங்கள்! 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இறங்கிய சுமார் 1,52,000 பேருக்கும் ஆளுக்கொரு எண் உண்டு. கப்பல் பதிவேட்டில் எண்ணுக்கு நேரே தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதியிருப்பார்கள். பெயரை நம்பித் தேடாதீர்கள், காதில் விழுந்தபடி எழுதியதில் முனுசாமி எப்படியெல்லாமோ மாறியிருப்பார்.

பதில்:
நேட்டாலின் துறைமுக நகரான டர்பனில் உள்ள ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். முதலாளி பெயர் கிடைத்தால் எந்தத் தோட்டம் என்று பிடித்துவிடலாம். ஆனால் ஒப்பந்தம் 5 வருஷம்தான், அப்புறம் வேறு ஊருக்குப் போயிருக்கலாம். நிலபுலன் வைத்திருந்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் சொத்துக் கோப்பையும் பாருங்கள். கல் நடாமல் தோட்டத்திலேயே புதைத்தவர்கள் நிறைய, அதனால் சமாதி கிடைக்காவிட்டாலும் தோட்டம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. முதல் இலக்கம் 1ஆ 7ஆ என்று குழப்பம், இரண்டையும் வைத்துத் தேடுகிறேன்.